உங்கள் எம்.எல்.ஏ., எம்.பி. போட்ட ஓட்டு உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்தது? தேடிக் கண்டுபிடிக்கும் முறை

எங்கள் தாலுகா மருத்துவமனையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் சிசேரியன் கிடையாது. மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் இல்லை என்று சொல்லி, 108-ல் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். இதில் நம் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் என்ன பங்கு என்று தேடப் போய்த்தான் இந்த வேலை எனக்குப் பழகியது. அப்புறம் எங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரையும் இதில் உட்கார வைத்துப் பார்த்தாயிற்று.

எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாளே எம்.எல்.ஏ.வின் பெயரைப் போட்டுத் தேடி, எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று பட்டியல் எடுக்கப் பார்ப்பார்கள். ராத்திரி வரை உட்கார்ந்தாலும் ஒன்றும் தேறாது. நம் அவைகளில் பெரும்பாலான ஓட்டுகளுக்கு ஆள்வாரிப் பதிவே கிடையாது. பதிவாகும் ஓட்டும் அநேகமாகக் கட்சி சொன்ன ஓட்டாகத்தான் இருக்கும். அதனால் வேலையை மறுமுனையிலிருந்து செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் தொடங்கி மேலே போய், ஆளின் பெயரைக் கடைசியில் எடுப்பது.

கீழே உள்ளது தமிழ்நாட்டுக்கான வரிசை. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. உட்காரும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு. கணினி இருந்தாலும் நோட்டு வேண்டும். தேதி, எங்கே பார்த்தோம், என்ன இருந்தது என்ற மூன்று பத்திகள் போதும். பத்து நாள் கழித்து, இந்த எண்ணை எங்கே பார்த்தோம் என்று தலையைச் சொறியாமல் இருக்கத்தான் இது.

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, குறைந்தது மூன்று வருடத்துக்கானது. மானியக் கோரிக்கை எண் 19 என்று போட்டிருக்கும். (மானியக் கோரிக்கை என்றால் ஒரு துறையின் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது.) ஒரே வருடத்துக்கானதை மட்டும் படித்தால் எல்லாமே சாதனையாகத் தெரியும். மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் போன வருடம் சொன்ன கட்டடம் இந்த வருடமும் "நடைபெற்று வருகிறது" என்று இருப்பது கண்ணில் படும்.

நாடாளுமன்றத்தின் சன்சாத் இணையதளத்தில் உறுப்பினர் வாரியாகக் கேள்விகள், விவாதங்கள், குழு அறிக்கைகள் எல்லாம் கிடைக்கும். சட்டமன்றத்துக்குப் பேரவையின் இணையதளமும், அச்சிட்ட பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும். பேரவைக் குறிப்புகள் உறுப்பினர் பெயரை வைத்துச் சுலபமாகத் தேடும்படி இருக்காது, நாள் தெரிந்து போனால்தான் பக்கம் கிடைக்கும். ஆளை முதலில் தேடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்.டி.ஐ. மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் நாலைந்து.

2. குறையை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கள் ஊரில் மருத்துவ வசதி சரியில்லை" என்று எழுதினால் தேட முடியாது. "தாலுகா மருத்துவமனையில் இரவு அறுவை சிகிச்சைப் பிரசவம் நடப்பதில்லை, காரணம் மயக்க மருந்து மருத்துவர் இல்லை" என்று எழுதினால் தேடலாம். எந்த நிலையம், எந்தச் சேவை, எந்த நேரம், சொல்லப்படும் காரணம் என்ன. நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

காரணத்தை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எங்கள் விஷயத்தில் "பணியிடமே இல்லை" என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஆர்.டி.ஐ. போட்டுப் பார்த்தால் பணியிடம் இருந்தது, ஆளும் இருந்தார். ஆனால் வாரத்தில் நான்கு நாள் வேறொரு மருத்துவமனையில் மாற்றுப்பணி. ஏட்டில் நிரம்பிய இடம், நேரில் காலி. ஆகவே மனுவில் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, அதில் மாற்றுப்பணியில் வெளியே இருப்பவர் எத்தனை. மூன்றாவதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அந்தக் காத்திருப்பு நாட்களில் அடுத்த படிகளைச் செய்யலாம்.

3. அந்த ஆஸ்பத்திரி யாருடையது என்று பிரியுங்கள்

இதைத் தாண்டிப் போனவர்கள் தப்பான அவையில், தப்பான துறையில் மாதக்கணக்கில் தேடியிருக்கிறார்கள்.

முதலில் மாநிலமா, ஒன்றியமா என்று பாருங்கள். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் 6-வது இனம். மருந்துகள், ஒன்றியமும் மாநிலமும் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் 19. மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலில் 25, கல்வியை அங்கே கொண்டுபோனது 1976-ல் வந்த 42-வது திருத்தம். ஆகவே தாலுகா மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்றால் எம்.பி.யின் ஓட்டைத் தேடிப் பயனில்லை. மாத்திரையின் தரம், மருத்துவப் படிப்புக்கான விதி என்றால் எம்.பி.யிடம்தான் போக வேண்டும். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணம் நடுவில் நிற்கும், 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம். அதற்கு இருவரையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, மாநிலத்துக்குள் எந்த இயக்ககம் என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்து இயக்ககத்தின் கீழ். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம், ஊர் வழக்கில் ஜே.டி. ஆபீஸ். கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககம், அங்கே டீன்.

2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், அரியலூர் உட்பட 11 இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அப்படிப்பட்ட மாவட்டங்களில் பழைய தலைமை மருத்துவமனை கல்லூரியோடு போய்விட்டது. அதற்கு முந்தைய எண்களோடு பிந்தைய எண்களை ஒப்பிட்டால் ஒரு பக்கம் திடீர் வளர்ச்சியும் இன்னொரு பக்கம் திடீர் சரிவும் தெரியும். இரண்டும் கணக்கு மாறியதால் வந்த தோற்றமாக இருக்கலாம்.

இன்னொரு குழி இ.எஸ்.ஐ. மருத்துவமனை. அது தொழிலாளர் துறையோடு போகும். கோரிக்கை எண் 19-ல் எவ்வளவு தேடினாலும் வராது. அங்கன்வாடி சத்துணவு சமூக நலத்துறையில், குடிநீர் உள்ளாட்சியில், டாஸ்மாக் மதுவிலக்குத் துறையில். உடம்பைக் கெடுப்பதும் காப்பதும் சுகாதாரத் துறையில் மட்டும் இல்லை என்பதால், பிரச்சினை தண்ணீரால் வருகிறது என்றால் முதலிலேயே வேறு மானியக் கோரிக்கைக்குப் போய்விடுங்கள்.

4. எந்த வகை வாக்கெடுப்பு என்று பாருங்கள்

இப்போதுதான் ஓட்டு வருகிறது. மற்ற படிகளைவிட இதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

குரல் வாக்கெடுப்பு என்றால் "ஆம்" என்போர், "இல்லை" என்போர் என்று கேட்டு, எந்தச் சத்தம் பெரிதோ அதை அவைத்தலைவர் அறிவிப்பார். யார் எப்படிச் சொன்னார் என்ற பதிவு இருக்காது. ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டால்தான் டிவிஷன், அதாவது ஆளெண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, நடக்கும். ஆகவே "எங்கள் எம்.பி. இந்த மசோதாவை ஆதரித்து வாக்களித்தார்" என்று எங்கே படித்தாலும் முதல் கேள்வி: டிவிஷன் நடந்ததா? நடக்கவில்லை என்றால் அந்த வாக்கியத்தை உங்கள் நோட்டில் எழுதாதீர்கள். அவருடைய பேச்சு பதிவாகியிருந்தால் "ஆதரித்துப் பேசினார்" என்று எழுதலாம், அவ்வளவுதான்.

டிவிஷன் நடந்ததற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, இந்திய மருத்துவக் கவுன்சிலை எடுத்துவிட்டுத் தேசிய மருத்துவ ஆணையத்தைக் கொண்டுவந்த 2019 மசோதா. மக்களவையில் ஜூலை 29 அன்று ஆதரவு 260, எதிர்ப்பு 48. இங்கே பெயர்ப் பட்டியல் உண்டு. எடுத்துப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: பலகையில் தெரியும் எண்ணிக்கையை அவைத்தலைவர் "திருத்தத்துக்கு உட்பட்டது" என்று சொல்லித்தான் அறிவிப்பார். பொத்தான் வேலை செய்யாதவர், தவறாக அழுத்தியவர் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்துவார்கள். அது பட்டியலின் அடிக்குறிப்பில் இருக்கும். அடிக்குறிப்பைப் படிக்காமல் "வரவில்லை" என்று எழுதி, நாங்கள் ஒரு முறை அசடு வழிந்தோம்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. அது அவருடைய கருத்தா? பெரும்பாலும் இல்லை. 1985-ல் வந்த 52-வது திருத்தத்தால் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி ஓட்டுப் போட்டாலோ, முன் அனுமதி இல்லாமல் ஓட்டுப் போடாமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். அதனால் கொறடா உத்தரவு இருந்த டிவிஷனில் ஒரு உறுப்பினரின் ஓட்டைக் காட்டி அவர் மருத்துவத்துக்கு நண்பரா எதிரியா என்று தீர்ப்பு எழுதுவது அர்த்தமில்லாத வேலை. அதைக் கட்சியின் கணக்கில் எழுதுங்கள். என் நோட்டில் "கட்சி" என்று ஒரு பத்தி, "ஆள்" என்று ஒரு பத்தி. டிவிஷன் ஓட்டுகள் முதல் பத்திக்குப் போகும்.

அப்புறம் வெளிநடப்பு. நம் ஊர்ச் செய்தியில் இது எதிர்ப்பு என்றுதான் வரும். ஆனால் சாதாரண மசோதா நிறைவேற, அவையில் இருந்து ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பான்மை போதும். அரசமைப்பில் நாடாளுமன்றத்துக்கு 100-வது பிரிவு, சட்டமன்றத்துக்கு 189. எதிர்ப்பவர் எழுந்து வெளியே போனால் எதிர்ப்பு ஓட்டு குறைகிறது. பெரும்பான்மை பலமாக இருக்கும் அவையில் இதனால் முடிவு மாறாது, இழுபறி அவையில் மாறலாம். ஆகவே நோட்டில் "எதிர்த்தார்" என்று எழுதாமல் "வெளிநடப்பு" என்றே எழுதி, பக்கத்தில் அன்றைய எண்ணிக்கையையும் குறியுங்கள். அரசமைப்புத் திருத்தம் என்றால் கணக்கு வேறு. அங்கே அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்பதால் வெளியே போனவரும் எடையாக நிற்கிறார்.

5. மசோதாவின் பெயரை வைத்துத் தேடாதீர்கள்

"சுகாதாரம்", "மருத்துவம்" என்று தேடுபெட்டியில் போட்டால் பாதிதான் கிடைக்கும். 2023-ல் ஜன் விஷ்வாஸ் என்று ஒரு மசோதா வந்தது. தொழில் நடத்துவதைச் சுலபமாக்குவது என்ற பேச்சோடு வந்து, ஒரே மூச்சில் 42 சட்டங்களைத் திருத்தியது. அந்த 42-ல் ஒன்று 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம். அதன் 27(டி) பிரிவின் கீழ் வரும் குற்றங்களை, தரக்குறைவான மருந்து தொடர்பானவை உட்பட, பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழி திறந்தது. மக்களவையில் ஜூலை 27 அன்று குரல் வாக்கெடுப்பு.

சர்க்கரை மாத்திரை வாங்குகிற ஒருவரை இது தொடுகிறது. ஆனால் பெயரில் மருந்து என்ற சொல்லே இல்லை. எனவே தேட வேண்டியது திருத்தப்படும் மூலச் சட்டத்தின் பெயரை: மருந்துகள் சட்டம், பார்மசி சட்டம், புகையிலைச் சட்டம், பொது சுகாதாரச் சட்டம் என்று. ஆண்டுதோறும் வரும் நிதி மசோதாவையும் விடாதீர்கள். வருமான வரியோடு சேர்த்துக் கட்டும் 4 சதவீத சுகாதார மற்றும் கல்வி செஸ் 2018-ல் அந்த வழியாகத்தான் வந்தது.

6. இறுதி ஓட்டுக்கு முந்தைய நிலைக்குப் போங்கள்

மசோதாவின் உடம்பு மாறுவது குழுவில். தேசிய மருத்துவ ஆணைய மசோதாவையே எடுங்கள். 2017 டிசம்பரில் முதலில் வந்தபோது, ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம் போன்ற முறைகள்) மருத்துவர்கள் ஒரு இணைப்புப் படிப்பு முடித்து அலோபதி மருந்துகள் எழுதலாம் என்றிருந்தது. மசோதா நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழுவுக்குப் போனது. 2018 மார்ச்சில் குழுவின் 109-வது அறிக்கை வந்த பிறகு அந்த இணைப்புப் படிப்பு கைவிடப்பட்டது. 2019-ல் நடந்த டிவிஷனை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதையே தெரியாது.

நிலைக்குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. உங்கள் எம்.பி. அதில் இருந்தாரா என்று பாருங்கள். இருந்தால் கூட்டங்களுக்குப் போனாரா, அறிக்கையோடு மாற்றுக் கருத்துக் குறிப்பு கொடுத்தாரா என்று பாருங்கள். குழுவில் கொறடா கிடையாது. அதனால் அங்கே எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம், அவையில் அழுத்திய பத்துப் பொத்தானைவிட அவரைப் பற்றி அதிகம் சொல்லும். அமைச்சர்கள் இந்தக் குழுக்களில் இருக்க மாட்டார்கள், அவர்களை இங்கே தேட வேண்டாம்.

7. நிறைவேறியதா, நடைமுறைக்கு வந்ததா?

சட்டமன்றத்தில் நிறைவேறியது என்ற செய்தியோடு நோட்டை மூடுபவர்களுக்காக ஒரு தேதிக் கணக்கு. தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-ல் சட்டம் போட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். நடுவில் 21 வருடம். 1997-ல் கை தூக்கியவர்களைப் பாராட்டுவதா, அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பேரவையிலும் விதி எங்கே என்று கேட்காதவர்களைக் குறை சொல்வதா? நான் இரண்டாவதைச் செய்வேன்.

ஒப்புதல் இன்னொரு கதவு. நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேறி, குடியரசுத் தலைவரிடம் போய், ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. இரண்டு முறை ஓட்டு விழுந்தும் மாணவர் சேர்க்கை மாறவில்லை. அதற்கு மாறாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா 2020 செப்டம்பரில் நிறைவேறி, அக்டோபர் 30 அன்று ஒப்புதல் பெற்று, அந்த வருடச் சேர்க்கைக்கே பயன்பட்டது.

ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐந்து தேதி எழுதுங்கள்: அவையில் நிறைவேறிய நாள், ஒப்புதல், அரசிதழ், விதிகள் வந்த நாள், அமலுக்கு வந்த நாள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கே நிறுத்துங்கள். அந்தக் காலி இடத்தைப் பற்றி உறுப்பினர் கேள்வி எழுப்பினாரா என்பதுதான் அடுத்துத் தேட வேண்டியது.

8. பணத்தின் பின்னால் போங்கள்

எங்கள் ஊர் இரவுப் பிரசவப் பிரச்சினைக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு பணியிடம், ஒரு சம்பளம், அவ்வளவுதான். பெரும்பாலான ஆஸ்பத்திரிக் குறைகள் இப்படித்தான். இங்கே முக்கியமான ஓட்டு மானியக் கோரிக்கை மீதான ஓட்டு.

எண் 19-ஐ எடுத்தால் கணக்குத் தலைப்புகள் வரும். 2210 மருத்துவம் மற்றும் பொது சுகாதாரம், 2211 குடும்ப நலம், 4210 கட்டடம் போன்ற மூலதனச் செலவு. சம்பளமும் மருந்தும் 2210-ல். 4210 வேகமாக வளர்ந்து 2210 நகராமல் இருந்தால், ஆளில்லாத கட்டடம் வரப்போகிறது என்று நான் கணிப்பேன்.

மூன்று எண்களைக் கலக்காதீர்கள்: பட்ஜெட்டில் முதலில் போடும் திட்ட மதிப்பீடு, வருட நடுவில் மாற்றிப் போடும் திருத்திய மதிப்பீடு, கடைசியில் ஆன உண்மைச் செலவு. புதிதாக வருபவர்கள் இந்த வருடத் திட்ட மதிப்பீட்டைப் போன வருட உண்மைச் செலவோடு ஒப்பிட்டு "இவ்வளவு உயர்வு" என்று எழுதிவிடுகிறார்கள். திட்டத்தைத் திட்டத்தோடு, செலவைச் செலவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். தேர்தல் வருடத்தில் இடைக்கால பட்ஜெட் ஒன்றும் முழு பட்ஜெட் ஒன்றும் வரும், இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்.

உறுப்பினர் இங்கே செய்யக்கூடியது வெட்டுத் தீர்மானம். தொகையில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்று கொடுப்பார், உண்மையில் அது ஒரு குறையைச் சொல்லிக் காட்டும் வழி. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. உங்கள் மருத்துவமனையைப் பெயர் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்திருந்தால் அது அவர் கணக்கில் வர வேண்டும், தோற்றுப் போயிருந்தாலும். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கொடுத்திருக்க மாட்டார், அதை அவர் மேல் குறையாக எழுதக் கூடாது. அவருக்கு விவாதப் பேச்சையும் கேள்வியையும் பாருங்கள்.

ஒன்றியத்தில் நிலைமை இன்னும் மோசம். பல மானியக் கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் ஒன்றாகச் சேர்த்து நிறைவேற்றிவிடுவார்கள், கில்லட்டின் என்று பெயர். 2018-லும் 2023-லும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கையும் அப்படித்தான் போயின. அந்த வருடங்களில் உங்கள் எம்.பி. மக்களவையில் சுகாதார மானியம் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்க முடியாது. பேச நாளே இல்லை.

விதி 110 பற்றி ஒரு வார்த்தை. பேரவையில் அந்த விதியின் கீழ் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது, ஓட்டும் கிடையாது. "சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்" என்று ஊரில் பேசுவது பல நேரம் இதைத்தான். அறிவிப்பு வந்த நாளைக் குறித்துக்கொண்டு, அரசாணை எண்ணையும் நிதி எந்தத் தலைப்பில் வந்தது என்பதையும் தேடுங்கள். இரண்டும் இல்லாமல் மூன்று வருடம் கழித்தும் அது அறிவிப்பாகவே இருந்தால், அப்படியே எழுதுங்கள்.

9. கேள்விகளை எண்ணாதீர்கள், படியுங்கள்

"எங்கள் எம்.பி. 300 கேள்வி கேட்டார்" என்று ஒரு தம்பி சந்தோஷமாக வந்தான். சுகாதார அமைச்சகத்துக்குப் போனவற்றை மட்டும் பிரித்து உட்கார்ந்து படித்தோம். பாதிக்கு மேல் பத்துப் பேர், இருபது பேர் பெயரோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரே கேள்வி, ஒரே பதில். நம் தொகுதியைப் பற்றியவை விரல் விட்டு எண்ணும் அளவு.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியில்லாதவை 230. மாநிலங்களவையில் 15-ம் 160-ம். நட்சத்திரக் கேள்விக்குத்தான் அமைச்சர் நேரில் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். எது அவைக்கு வரும் என்பது குலுக்கலில் இருப்பதால் எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. நான் பார்ப்பது மூன்றே: ஊர் அல்லது மருத்துவமனை பெயர் இருக்கிறதா, பதில் மழுப்பலாக வந்தபின் அடுத்த கூட்டத் தொடரில் மறுபடி கேட்டாரா, பதிலில் அமைச்சர் உறுதி கொடுத்திருந்தால் அது, அமைச்சர்கள் தரும் உறுதிகளைத் தொடர்ந்து பார்க்கும் உறுதிமொழிக் குழுவில் நிலுவையில் நிற்கிறதா.

மதுரை எய்ம்ஸை இப்படித்தான் தொடர முடியும். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவிப்பு, 2018-ல் தோப்பூர் என்று இடம் முடிவு, 2019 ஜனவரியில் அடிக்கல், 2022-ல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் படிக்கத் தொடக்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது கேள்விகளுக்கு வந்த பதில்களில் கிடக்கிறது. ஒரு பயிற்சியாக இதை எடுத்துச் செய்து பாருங்கள், கை பழகிவிடும்.

அமைச்சராக இருக்கும் எம்.பி., எம்.எல்.ஏ. கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர். அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்தால் சோம்பேறி என்று பொருளில்லை. பதவிக் காலத்தின் நடுவில் அமைச்சரானவருக்குத் தேதி பார்த்துப் பிரியுங்கள். இதைக் கவனிக்காமல் போட்ட ஒப்பீட்டுப் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் ஏராளம்.

10. தொகுதி நிதியைத் தனியாக வையுங்கள்

எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. இங்கே கொறடாவும் இல்லை, கட்சியும் இல்லை, எதற்குப் பரிந்துரைப்பது என்பது விதிகளுக்குள் பெரும்பாலும் அவர் விருப்பம். அந்த வகையில் ஓட்டைவிட நேர்மையான சாட்சி.

ஆனால் இந்தப் பணத்தில் சொத்து உருவாக்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது. எங்கள் மருத்துவமனையில் தொகுதி நிதியில் வந்த பிரசவ வார்டு விரிவாக்கம் இருக்கிறது, பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. இரவில் மயக்க மருந்து மருத்துவர்தான் இல்லை. ஆகவே பரிந்துரைத்த தொகை, செலவான தொகை என்ற இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை எழுதுங்கள்: அந்தச் சொத்து இன்று ஓடுகிறதா. நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். கருவி உறை பிரிக்காமல் இருந்தால் தேதியோடு குறியுங்கள்.

எம்.பி. நிதி 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில் அந்த வருடத்துக்கு 2 கோடியோடு திரும்ப வந்தது. அந்தக் காலத்து எம்.பி.யின் மொத்தத்தை வேறு காலத்தவரோடு ஒப்பிட்டால் அநியாயம்.

11. ஒரே பக்கத்தில் எழுதி, முதலில் அவரிடமே காட்டுங்கள்

மேலே இரண்டாம் படியில் எழுதிய ஒற்றை வரி. அதற்குக் கீழே பொறுப்பு யாருடையது. பிறகு "கட்சி" என்ற தலைப்பில் டிவிஷன் ஓட்டுகளும் வெளிநடப்புகளும். பிறகு "ஆள்" என்ற தலைப்பில் குழு, வெட்டுத் தீர்மானம், கேள்வி, தொகுதி நிதி. பதிவில்லாததை "பதிவில்லை" என்று எழுதுங்கள், "செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை, உறுப்பினரின் உதவியாளர் உட்பட.

வெளியிடும் முன் அந்தப் பக்கத்தை உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்து, தவறிருந்தால் 15 நாளுக்குள் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். ஒரு முறை எங்கள் பக்கத்தில் விட்டுப்போன ஒரு கடிதத்தின் நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்தே கொடுத்தார்கள். துறைச் செயலாளருக்கு அவர் எழுதியது, எந்த அவைக் குறிப்பிலும் இருக்காது. சேர்த்துக்கொண்டோம்.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து இரவில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. அவர் பேசட்டும், நீங்கள் தாளை மட்டும் நீட்டுங்கள். பதில் வந்தால் வந்த தேதியோடு பக்கத்தின் அடியில் ஒட்டுங்கள். வராவிட்டால் பதினாறாம் நாள் "பதில் வரவில்லை" என்று எழுதி வெளியிடுங்கள்.